நாகப்பட்டினத்து வாசலுக்குக் கீழே ஒரு வாடகை வீடு

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் பலரும் இப்போது ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இன்வர்னஸ் நகரத்தில் கார் எடுத்து, மேற்கே திரும்பி, வடகடலோரமாக ஒரு பெரிய வளையம் போட்டுவிட்டு, மறுபடி இன்வர்னஸிலேயே வந்து நிற்கிறார்கள். ‘நார்த் கோஸ்ட் 500’ என்று அதற்குப் பெயர். சுற்றுலாவை வளர்ப்பதற்காக 2015-இல் அறிவித்த வழி அது, 516 மைல். ராத்திரிக்கு ஓர் ஊர், விடிந்தால் மூட்டை கட்டு. எடின்பரோவில் வேலை பார்க்கும் என் மகளும் மாப்பிள்ளையும் எனக்காக அதைத்தான் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். தினம் ஒரு கட்டிலில் படுத்து எழுந்து, கார் கண்ணாடி வழியாகவே மலையைப் பார்க்க நான் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு வீட்டை வார வாடகைக்கு எடுங்கள். அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் இடங்கள் போதும். இது என் கட்சி.

மகள் பிடித்த வீடு எவன்டன் என்ற கிராமத்துக்குச் சற்று மேலே, ஒரு பண்ணைக்குள் இருந்தது. இன்வர்னஸிலிருந்து ஏ9 சாலையில் வடக்கே அரை மணி நேரம். நடுவில் இரண்டு கழிமுகங்களை நீளமான பாலங்களில் கடக்க வேண்டும். மேற்குக் கரையில் கேட்ட வாடகையைவிட இங்கே குறைவு என்பதைத் தவிர இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை. ஹைலேண்ட்ஸ் என்றால் நாட்காட்டியில் அச்சடிக்கும் மொட்டைப் பாறையும் கறுத்த ஏரியும்தான் நம் நினைவுக்கு வரும். இந்தக் கிழக்கு ராஸ் பகுதி அப்படியில்லை. கடலை ஒட்டித் தட்டையான நிலம், பார்லி வயல், செம்மறி மந்தை. அதன் முதுகுப் பக்கம் மலை. எதிரே குரோமார்ட்டி கழிமுகத்தில், வேலையில்லாமல் ஓய்வுக்கு வந்த எண்ணெய்க் கிணற்று மேடைகள் நாலு கால் ஊன்றி வரிசையாக நிற்கும். முதல் நாள் அவற்றைப் பார்த்து முகம் சுளித்த மகள், இரண்டு நாளில் ராத்திரி விளக்கு எரியும் மேடை எது, எரியாத மேடை எது என்று கணக்கு வைக்க ஆரம்பித்தாள்.

வீடு, அந்தக் காலத்தில் பண்ணையாட்கள் குடியிருந்தது. சிவப்பு மணற்கல் சுவர். ஜன்னல் விளிம்பில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குக் கனம். மேலே ஸ்லேட் கல் கூரை. வாசலை ஒட்டி, சேற்றுச் செருப்பைக் கழற்றிப்போட ஒரு சின்ன அறை. அங்கே நாலைந்து அளவில் ரப்பர் பூட்ஸ், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கூடத்தில் விறகு அடுப்பு. சமையலறையில் எல்லாப் பாத்திரமும் இருந்தன. கறிவேப்பிலை மட்டும் எடின்பரோவிலிருந்தே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஜூன் மாதத்திலும் அந்தக் குளிரில் தோசை மாவு பொங்காது. துண்டு, போர்வை வைக்கும் அலமாரிக்குள் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் மாவைக் கொண்டுபோய் வைத்தேன், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

கூடத்து மேஜை மேல் ஒரு தடித்த கோப்பு. இந்த ஊர் வாடகை வீடுகளில் இது வழக்கம். எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத் தொட்டி, அடுப்பை எப்படி மூட்டுவது, முட்டை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு காசு எந்தத் தகர டப்பாவில் போடுவது என்று வரிசையாக எழுதியிருக்கும். நடைபாதை வரைபடங்களும் உள்ளே சொருகியிருந்தன. அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திடீரென்று, “அத்தை, இதுல உங்க ஊரு பேரு போட்டிருக்கே” என்றார். வீட்டுக்குப் பின்னால் தெரியும் மலையின் உச்சியில் நிற்பது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் நகல் என்று அந்தத் தாளில் இருந்தது.

மலையின் பெயர் ஃபைரிஷ். 453 மீட்டர் உயரம். உச்சியில் இருப்பதை ஃபைரிஷ் நினைவுச்சின்னம் என்கிறார்கள். கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ, கீழே இருக்கும் நோவார் பண்ணையின் சொந்தக்காரர். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கிறாரே தாமஸ் மன்றோ, அவர் வேறு. இளம் தாமஸ் முதலில் வேலை பார்த்தது இந்த ஹெக்டரின் படையில்தான். ஹெக்டர் 1764-இல் பக்சார் போரில் வென்று பெயர் வாங்கியவர். தமிழ்நாட்டில் அவர் கதை அவ்வளவு பெருமையாக ஆரம்பிக்கவில்லை. 1780 செப்டம்பரில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்து அழித்தபோது, சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்தவர் இவர்தான். சமயத்துக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு வருஷம், 1781 நவம்பரில், டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அந்த வெற்றியின் ஞாபகமாகத்தான் மலை உச்சியில் வாசல். தோல்வியைத் துடைக்கிற வெற்றி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்பது என் ஊகம்.

மலை ஏறுவது கடினமில்லை. ஆல்னஸ் ஊரிலிருந்து போத் என்ற குடியிருப்புக்குப் போகும் ஒற்றைச் சாலையில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து பைன் மரங்களுக்கு நடுவே பாதை. முதல் பாதி நெட்டுக்குத்து. அப்புறம் மரங்கள் விலகி, ஹெதர் புதர் மண்டிய திறந்த மேடு. ஓடுகிறவர்களும் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஊன்றுகோலோடு, உட்கார்ந்து உட்கார்ந்து போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி வந்துவிடும்.

கிட்டப் போனால் அது தூரத்தில் தெரிவதைவிட முரடு. இந்த மலையில் கிடைக்கிற கல்லையே அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். செதுக்கு வேலை, சிற்ப வேலை எதுவும் இல்லை. நடுவே உயரமான தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவுகளும். இரு பக்கமும் தள்ளித் தனியே நிற்கும் தூண்கள். கல்லின் இடுக்கில் வெளிறிய பாசி. காற்று வளைவுக்குள் புகுந்து வெளியே வரும் சத்தம் ஓயவே இல்லை. பேத்தி ஒவ்வொரு வளைவுக்குள்ளும் நுழைந்து வந்துவிட்டு, “அம்மாச்சி, உங்க ஊர்ல நிஜ கேட் எங்க இருக்கு?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கோட்டை வாசலை நானும் பார்த்ததில்லை, என் அப்பாவும் சொன்னதில்லை. அசல் போய்விட்டது, நகல் இங்கே குளிரில் நிற்கிறது என்று அவளிடம் சொன்னேன். நகலும் எவ்வளவுக்கு நகல் என்று யார் கண்டது? ராணுவத்துக்காரர் ஞாபகத்திலிருந்து சொல்லி, ராஸ் நாட்டுக் கொத்தனார் கட்டியது.

இந்த வாசலைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பஞ்ச காலம், ஜனங்களுக்கு வேலை இல்லை. சும்மா பணம் கொடுத்தால் கௌரவக் குறைச்சல் என்று மன்றோ இதைக் கட்டச் சொன்னாராம். கல்லைச் சுமந்து மேலே கொண்டுபோனதும், அவரே அதைக் கீழே உருட்டிவிட்டு மறுபடி தூக்கிவரச் சொல்லிக் கூடுதல் நாளுக்குக் கூலி கொடுத்தாராம். தர்மவான் கதை. கோப்பிலும் அதுதான் இருந்தது.

ஆனால் அதே போத் சாலையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வேறு கதை. வாசல் கட்டிப் பத்து வருஷம் ஆவதற்குள் மன்றோ தன் மலை நிலத்தில் ஒரு பகுதியை, தெற்கேயிருந்து வந்த பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அதுவரை அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஸ்ட்ராத்ரஸ்டேல் பள்ளத்தாக்குக்காரர்களின் மாடுகள் பட்டியில் அடைக்கப்பட்டன. அவர்கள் திரண்டு போய் மாட்டை மீட்டார்கள். அதோடு விடவில்லை. 1792 கோடையில், ராஸ், சதர்லாந்து பகுதிகளில் வந்திறங்கிய செம்மறிகளையெல்லாம் ஒன்றுசேர்த்துத் தெற்கே ஓட்டிவிடுவது என்று முடிவெடுத்து, ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கம் வந்து சேர்ந்த சமயத்தில் ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். பிடிபட்டவர்கள் மேல் இன்வர்னஸில் வழக்கு. நாடு கடத்தச் சொல்லித் தண்டனை பெற்ற இருவர் சிறையிலிருந்து தப்பிப் போனார்கள். பிறகு அகப்படவே இல்லை. இன்றும் கேலிக் மொழிக்காரர்கள் அந்த வருஷத்தை ஆடுகளின் ஆண்டு என்றுதான் சொல்கிறார்கள். அதே 1792 டிசம்பரில் மன்றோவின் மகனை வங்காளத்தின் சாகர் தீவில் புலி அடித்துக் கொன்றது. ஃபைரிஷ் ஏறி இறங்குகிறவர்கள் காரை எடுத்துக்கொண்டு ஸ்ட்ராத்ரஸ்டேல் வரை ஒரு தரம் போய்வரலாம். பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. மேய்கிற ஆடுகள் இருக்கின்றன.

உச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் சோம்பலாகப் படுத்திருக்கும் பெரிய மலை பென் விவிஸ், 1,046 மீட்டர். 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளுக்கு ‘மன்றோ’ என்று பொதுப்பெயர். 1891-இல் அவற்றைப் பட்டியல் போட்ட ஹியூ மன்றோ இன்னொரு மன்றோ. பென் விவிஸ் அந்தக் கணக்கில் ஒரு மன்றோ, ஃபைரிஷ் இல்லை. இந்த வட்டாரமே மன்றோக்களின் வட்டாரம். எவன்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஃபௌலிஸ் மன்றோக்கள் தங்கள் நிலத்துக்கு வரியாக, நடுக்கோடையில் ராஜா கேட்டால் ஒரு பனி உருண்டை தர வேண்டும் என்பது நிபந்தனை என்று ஒரு பழம்பேச்சு. பென் விவிஸின் நிழல் பள்ளங்களில் கோடையிலும் பனி கிடந்த காலத்துப் பேச்சு.

வீட்டிலிருந்து கார் எடுக்காமலே போகக்கூடிய இடம் பிளாக் ராக் பள்ளம். கிராமத்தைத் தாண்டி, ஊர்ச் சமூகமே வாங்கிப் பராமரிக்கும் காட்டு வழியாக நடந்தால் ஒரு சின்ன மரப்பாலம். பாலத்தில் நின்று குனிந்தால்தான் கீழே ஒன்று இருப்பதே தெரியும். பாறை இரண்டாகப் பிளந்து, 36 மீட்டர் ஆழத்தில் ஆறு ஓடுகிறது. அகலமோ சில இடங்களில் நாலு மீட்டர்கூட இல்லை. பிளவின் இரு சுவரிலும் பச்சைப் பாசியும் பெரணியும். தண்ணீரின் சத்தம் வருகிறது, தண்ணீர் சரியாகத் தெரியவில்லை. ஹாரி பாட்டர் படம் ஒன்றின் காட்சியை இங்கே எடுத்தார்கள் என்பது பேத்திக்குப் பெரிய விஷயம். எனக்குப் பிடித்தது ‘பால்கனி’ என்ற இடத்துச் சீமாட்டியின் கதை. மர்ம மனிதன் ஒருவன் அவளைப் பள்ளத்துக்குள் கூட்டிப்போனான்; போகும்போது இடுப்புச் சாவிக்கொத்தை அவள் வீசியெறிய, அது பட்ட பாறையில் சாவியின் தடம் பதிந்துவிட்டது. அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள் என்பார்கள். பாலத்துக் கைப்பிடி தாழ்வு, கரையில் வேலி கிடையாது; குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் பிளாக் ஐல். பெயரில் தீவு, உண்மையில் தீபகற்பம். அதன் தென்கரையில் சானன்ரி முனை என்று கடலுக்குள் நாக்கு நீட்டிய மணல் திட்டு. நுனியில் 1846-இல் கட்டிய கலங்கரை விளக்கம். பிரிட்டனில் கரையில் நின்றே டால்பின் பார்க்கப் பேர்போன இடம் இது. காரணம் சுலபம். எதிர்க்கரை ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டை கிட்டத்தட்ட ஒரு மைல்தான். வற்றிய கடல் மறுபடி ஏறும்போது இந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வேகமாக உள்ளே நுழைகிறது. நெஸ், பியூலி ஆறுகளைத் தேடிப் போகும் சால்மன் மீன்களும் அதோடு வருகின்றன. டால்பின்கள் அந்த ஓட்டத்தின் குறுக்கே வந்து நின்றுகொள்கின்றன. நிரந்தரமாக ஓரிடத்தில் வாழும் பாட்டில்மூக்கு டால்பின் கூட்டங்களில் உலகிலேயே மிக வடக்கே இருப்பவற்றில் இதுவும் ஒன்று. குளிர் தாங்க உடம்பில் கொழுப்பு வைத்து, நாலு மீட்டர் வரை வளர்கின்றன.

அதனால் இங்கே கடிகாரத்தைப் பார்த்துப் போகக் கூடாது. ஓத அட்டவணையைப் பார்த்துப் போக வேண்டும். வற்றம் முடிந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் வேட்டை சூடுபிடிக்கும். நாங்கள் போனபோது கூழாங்கல் கரையில் ஏற்கெனவே கூட்டம். முக்காலி, நீளமான லென்ஸ், சுடுதண்ணீர்க் குடுவை சகிதம் உள்ளூர் ஆட்கள். தண்ணீரில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது, ஒரு பக்கம் அமைதி, ஒரு பக்கம் கொதிப்பு. அந்தக் கோட்டில் முதுகு ஒன்று எழுந்து மறைந்தது. அடுத்தது என் கால் நனையும் இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டரில் எழும்பி, மூச்சை உஸ்ஸென்று விட்டது. அதன் வாயில் குறுக்காக ஒரு சால்மன். அதை இரண்டு தரம் மேலே எறிந்து பிடித்தது. பக்கத்தில் நின்ற கிழவர் புகைப்படம் எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். தினம் வருவாராம்.

முனைக்குப் போகும் குறுகலான சாலையில் கார் நிறுத்த இடம் கொஞ்சம். ரோஸ்மார்க்கி ஊரில் நிறுத்திக் கடற்கரையோடு நடந்து வருவதே நல்லது. அந்த ஊரிலேயே க்ரோம் ஹவுஸ் என்ற சின்ன அருங்காட்சியகத்தில் பிக்ட் என்ற பழங்குடிகள் செதுக்கிய கற்கள் இருக்கின்றன. திரும்பும் வழியில் மன்லோக்கி அருகே துணிக் கிணறு. ஊற்று ஒன்று, அதைச் சுற்றி மரங்கள், மரமெல்லாம் கந்தல். நோயாளியின் துணியை ஊற்றில் நனைத்துக் கட்டினால், துணி மக்க மக்க நோய் தீரும் என்ற நம்பிக்கை. நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இப்போது கட்டுவதெல்லாம் நைலான் காலுறையும் பாலியெஸ்டர் சட்டையும். அவை எந்தக் காலத்தில் மக்குவது?

பிளாக் ஐலின் கிழக்கு நுனியில் குரோமார்ட்டி. வெள்ளைச் சுவரும் குறுகிய சந்தும் உள்ள பழைய துறைமுக ஊர். இங்கே ஹியூ மில்லர் பிறந்த வீடு இருக்கிறது. புல்கூரை வீடு, கடற்கொள்ளைக்காரராக இருந்த அவருடைய முன்னோர் கட்டியதாம். மில்லர் 1802-இல் பிறந்தவர். கல் உடைக்கிற கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கினார். உடைத்த சிவப்பு மணற்கல்லுக்குள் மீன் இருந்தது. சுமார் 38 கோடி ஆண்டுக்கு முந்தைய, கவசம் போட்ட மீன். எங்கும் போய்ப் படிக்காமல், அந்தக் கரையிலேயே சுத்தியலோடு திரிந்து, 1841-இல் அந்தச் சிவப்பு மணற்கல்லைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஒரு மீனுக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் மீன் பதிந்த கல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எங்கள் வாடகை வீட்டுச் சுவரைப் பேத்தி சும்மா விடவில்லை. பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு கல்லாகப் பார்த்தாள்.

குரோமார்ட்டியிலிருந்து எதிர்க்கரை நிக் துறைக்குக் கோடைக்காலத்தில் மட்டும் ஒரு குட்டிப் படகு ஓடுகிறது. ஒரு தடவைக்குச் சில கார்கள்தான் கொள்ளும். எண்ணெய் மேடைகளின் காலடியை உரசிக்கொண்டு போகும் அந்தச் சவாரிக்காகவே போகலாம்.

சுற்று வட்டாரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், டால்பினை விட்டுவிட்டுக்கூட குரோயிக் தேவாலயத்துக்குப் போகச் சொல்வேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். என் விதியை நானே மீறிய இடம். ஸ்ட்ரூயி மேட்டைக் கடக்கும் பழைய சாலையில் போனால், டார்னோக் கழிமுகம் முழுவதும் காலடியில் விரியும் இடத்தில் எல்லோரும் காரை நிறுத்துகிறார்கள், நீங்களும் நிறுத்துங்கள். ஆர்ட்கை ஊரைத் தாண்டிப் பத்து மைல், ஆற்றங்கரையோடு ஒற்றைச் சாலை. அது முடிகிற இடத்தில் மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு தேவாலயம். பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்டின் வரைபடத்தின்படி 1827-இல் கட்டியது. பூட்டு இல்லை.

1845 மே மாதம், பக்கத்துக் கிளென்கால்வி பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக இருந்த பதினெட்டுக் குடும்பங்களை, ஏறக்குறைய 90 பேரை, ஆட்டுப்பண்ணைக்காக வெளியேற்றினார்கள். போக இடமில்லாமல் அவர்கள் இந்தத் தேவாலயத்து வளாகத்தில் கல்லறைகளுக்கு நடுவே கம்பளியும் படுதாவும் கட்டித் தங்கினார்கள். உள்ளே போகவில்லை. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து பார்த்து எழுதியதால் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அவர்களே எழுதியதும் இருக்கிறது. கிழக்கு ஜன்னலில் சாய்சதுரமாகச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். அவற்றில் வெளியிலிருந்து கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். வெயில் எதிரே இருந்தால் ஒன்றுமே தெரியாது. தலையைச் சாய்த்து, கையால் வெளிச்சத்தை மறைத்தால் எழுத்து மேலே வருகிறது. பெயர்கள், தேதி, கிளென்கால்வி ஜனங்கள் இந்த வளாகத்தில் இருந்தார்கள் என்ற செய்தி. ஒரு கண்ணாடியில் தங்களையே பொல்லாத தலைமுறை என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டை இழந்தது தங்கள் பாவத்துக்கு வந்த தண்டனை என்று நம்பியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்ட்ராத்பெஃபர் விக்டோரியா காலத்து ஊற்றுத் தண்ணீர் ஊர். கந்தக வாசனைத் தண்ணீரைக் குடிக்கப் பணக்காரர்கள் வந்தார்கள், இப்போது காபியும் கேக்கும். பக்கத்தில் ரோகி அருவியில் தொங்குபாலம். ஷின் அருவியில் சால்மன் எதிர்நீச்சலில் குதிக்கும் என்றார்கள். கோடை முடிவில், மழைக்குப் பிறகு போக வேண்டும். எங்களுக்கு ஆற்றில் தண்ணீரும் இல்லை, மீனும் குதிக்கவில்லை. போர்ட்மஹோமக்கில் பழைய தேவாலயத்துக்கு அடியில் தோண்டியெடுத்த பிக்ட் மடாலயம் பெரிய கண்டுபிடிப்பு. எழுதுவதற்குக் கன்றுத் தோலில் தாள் தயாரித்த பட்டறையே கிடைத்திருக்கிறது. நெஸ் ஏரிக்கு நாங்கள் போகவில்லை. அதில் இருப்பதாகச் சொல்லும் மர்மப் பிராணி எங்கும் போய்விடாது.

ஜூனில் சூரியன் மறைய ராத்திரி பத்து மணி தாண்டும். அதன்பிறகும் வடக்கு வானம் முழுசாக இருட்டாது. சாப்பிட்டுவிட்டு ஒரு நடை கிளம்பலாம். ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி பெரும்பாலான தனியார் நிலத்திலும் நடக்கிற உரிமை யாருக்கும் உண்டு. பயிரை மிதிக்கக் கூடாது, வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது, வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். வேலியோரம் கோர்ஸ் என்ற முள்செடி மஞ்சளாகப் பூத்திருந்தால் முகர்ந்து பாருங்கள், அசல் தேங்காய் மணம். காற்று நின்ற சாயங்காலத்தில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு வரும். மேற்குக் கரை அளவுக்கு இங்கே தொல்லை இல்லை, ஆனாலும் வலைத்தொப்பி பையில் இருக்கட்டும். புல்லில் நடந்து வந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். லைம் என்ற நோயைக் கொண்டுவரும்.

வீடு எடுக்கும்போது பார்க்க வேண்டியது: ஸ்காட்லாந்தில் இப்போது இந்தக் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம், விளம்பரத்திலேயே உரிம எண் இருக்க வேண்டும். பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் கொடுப்பார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து 12 மாதம் வரை ஓட்டலாம், சாலையும் நம்மைப் போல இடது பக்கம்தான். ஒற்றைச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் ஒதுங்க வேண்டும். போகிறவர் கை தூக்கி நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கை தூக்கல் விட்டுப்போனால் ஊருக்கே கோபம் வரும்.

குடித்துவிட்டு ஓட்டுவதில் இங்கே இங்கிலாந்தைவிடக் கறார். அனுமதிக்கும் அளவு குறைவு. ஆல்னஸில் டால்மோர், டெய்னில் 1843-இல் தொடங்கிய கிளென்மோரஞ்சி என்று விஸ்கி ஆலைகள் வரிசையாக இருக்கும் ஊரில் ஓட்டுநருக்கு இது சோதனைதான். ஆலையைச் சுற்றிப் பார்த்த பிறகு எல்லோருக்கும் கிளாஸில் ஊற்றினால், ஓட்டுகிறவருக்கு அவர் பங்கைச் சின்னக் குப்பியில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் மாப்பிள்ளை அதை வழியெல்லாம் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கார் வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும் ரயில் இருக்கிறது. நாளுக்குச் சில வண்டிகள்தான். டிங்வால், ஆல்னஸ், இன்வர்கார்டன், டெய்ன், ஆர்ட்கை எல்லாவற்றிலும் நிற்கும், பாதி வழி தண்ணீரோரமாகவே போகும். எவன்டனில் நிலையம் இல்லை. ஆல்னஸ் பக்கம் வீடு எடுத்தால் ஆலைக்கு நடந்தே போகலாம், குப்பியையும் வீடுவரை காப்பாற்ற வேண்டியதில்லை.